ஆட்டிசம் விளம்பரங்களும் யாரும் கேட்காத பிள்ளையும் (த்ரெட்)

1/ ஜிஎஸ்டி ரோட்டில் பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாங்க. ஃபிளெக்ஸ், சுவரொட்டி, ஆட்டோவின் முதுகு. "ஆட்டிசமா? கவலை வேண்டாம், குணப்படுத்தலாம்" ரகத்தில் ஒண்ணாவது கண்ணில் படும். அரசு மருத்துவமனை ஓ.பி.யில் உட்காரும் ஒரு எம்பிபிஎஸ் டாக்டரா சொல்றேன்: அது பொய். பேச்சுப் பயிற்சி, அன்றாடப் பழக்கங்கள், பள்ளி எல்லாத்துலயும் உதவ முடியும், உதவணும். ஆனா "குணம்" என்று சொல்லிக் காசு வாங்குவது மோசடி.

2/ இந்த பயமுறுத்தல் நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. 2007 டிசம்பரில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் ஆய்வு மையம் ஒரு விளம்பரம் போட்டது. கடத்தல்காரன் எழுதும் கடிதம் மாதிரி. உங்க பையன் எங்க கையில, இனி அவனால யாரோடும் பழக முடியாது என்ற பாணி. கீழே கையெழுத்து: ஆட்டிசம்.

3/ அதை எதிர்த்தது யார்? ஆட்டிசம் உள்ளவர்களே. ஆரி நேமன் என்ற கல்லூரி மாணவர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், தன் அமைப்பின் மூலம் கையெழுத்து திரட்டினார். பல மாற்றுத்திறனாளி அமைப்புகள் சேர்ந்தன. அந்த மாதமே விளம்பரம் வாபஸ்.

4/ பாடம் கற்றார்களா? 2009-இல் 'ஆட்டிசம் ஸ்பீக்ஸ்' அமைப்பு ஒரு வீடியோ விட்டது. பேய்ப்படக் குரலில் ஆட்டிசமே பேசுது: உன் கல்யாணத்தை முறிப்பேன், உன் பணத்தைத் தின்பேன்னு. அமைப்பின் பெயரே "ஆட்டிசம் பேசுகிறது". 2005-இல் தொடங்கிய அந்த அமைப்பின் இயக்குநர் குழுவில் ஆட்டிசம் உள்ளவர்கள் முதன்முதலா உட்கார்ந்தது 2015 டிசம்பரில்! பத்து வருஷம் யார் பேசினாங்கன்னு நீங்களே யோசிங்க.

5/ "அமெரிக்கா கதை நமக்கெதுக்கு டாக்டர்?" சொல்றேன். பிள்ளையைப் பேய் என்று நம்பிய அப்பா, பேய் ஓட்டுறவனைத் தேடித்தான் போவார். நகையை அடகு வைத்து ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்டு, பிறகு எங்க ஓ.பி.க்கு வரும் குடும்பங்கள் உண்டு. தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே தெளிவா சொல்லியாச்சு: ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கப்படவில்லை, அதை விளம்பரம் செய்வது தொழில்முறைத் தவறு.

6/ இப்போ கமெண்டில் ஒரு அம்மா கேட்பாங்க: "என் பையனுக்குப் பேச்சே வரலை. அவனுக்காக நான் பேசாம யார் சார் பேசுவா?" நியாயமான கேள்விம்மா. நீங்க பேசித்தான் ஆகணும். ராத்திரி தூங்காம இருப்பது நீங்க, அரசு அலுவலகத்தில் வரிசையில் நிற்பதும் நீங்க. ஆனா உங்க களைப்பு வேற, அவன் வலி வேற. மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்துறானே, அது பேச்சுதான். வேண்டாம்னு தட்டிவிடும் கை, படத்தைக் காட்டிக் கேட்பது, டேப்லெட்டில் தட்டுவது, எல்லாமே. நேமன் மாதிரி பேசுறவங்களுக்கும் உங்க பையனுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கலாம். இருந்தாலும் அந்தச் சத்தம் உள்ளே எப்படி இருக்கும்னு எனக்கும் உங்களுக்கும் தெரியாது, அவங்களுக்குத் தெரியும்.

7/ சட்டமும் இதைத்தான் சொல்லுது. 2007-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கை, முடிவெடுக்கும்போது மாற்றுத்திறனாளிகளை, குழந்தைகள் உட்பட, கலந்து பேசச் சொல்கிறது. நாம? தமிழில் பெயர் வைக்கும்போதே கேட்கலை. "மதியிறுக்கம்", அரசாணைத் தமிழில் "புறஉலகச் சிந்தனையற்றோர்". யாருக்குச் சிந்தனை அற்றுப்போச்சு? (இதை எழுதின அதிகாரியை ஒருநாள் சந்திக்க ஆசை.)

8/ ஏப்ரல் 2 வந்தா கட்டடத்துக்கு நீல விளக்கு, மேடையில் டாக்டர், பிரமுகர், ஸ்பான்சர். பிள்ளைகள் டான்ஸ் ஆடிட்டு இறங்கிடணும். மைக் அவங்க பக்கம் போறதே இல்லை. அடுத்த தடவை என்னைக் கூப்பிட்டா, என் பத்து நிமிஷத்தை ஆட்டிசம் உள்ள ஒரு பெரியவருக்குக் கொடுங்க. எழுதிக்கொடுத்தாலும் சரி, திரையில் தட்டினாலும் சரி.

9/ பிள்ளைக்குச் சந்தேகம் இருந்தா மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போங்க, இலவசம். நம்ம பக்கத்துக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனமும் இருக்கு. ஒரு டாக்டர் ஸ்டெம் செல் விளம்பரம் செய்வதைப் பார்த்தா ஃபோட்டோ எடுத்து தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதுங்க. எப்படி எழுதணும்னு தெரியலைன்னா கீழே கேளுங்க, டிரஃப்ட் போட்டுத் தரேன்.