கைதட்டும் கையும் கதவடைக்கும் கையும்

தலைநகரில் வாழும் தமிழராகிய நாம் விழா எடுப்பதில் எவர்க்கும் பின்னிற்பவர் அல்லோம். பொங்கல் விழாவாயினும் சித்திரைத் திருநாளாயினும் திரைப்படப் பாட்டின்றி நம் மேடை நிறைவு பெறுவதில்லை. சென்னையிலிருந்து திரைக்கலைஞர் ஒருவர் வந்திறங்கினால் முன்வரிசை நாற்காலிக்கு நமக்குள்ளே போட்டி. ஆனால், விழா முடிந்து துவாரகைக்குத் திரும்பும் வழியில் நம் மகள், ‘நானும் நடிப்புக் கற்கட்டுமா?’ என்று கேட்டுவிட்டால் நம் முகம் இருண்டு விடுகிறது. கைதட்டிய கைகளே கதவையும் அடைக்கின்றன. இந்த இரட்டை நிலையைக் கண்டிக்கவே இக்கட்டுரை.

‘குடும்பப் பெண்ணுக்கு ஆகுமா இது?’ என்பர் சிலர். ‘நடிகைக்கு எழுத்தும் இயக்கமும் எங்கிருந்து வரும்?’ என்பர் வேறு சிலர். இருசாராருக்கும் ஒரே விடை உண்டு. அதன் பெயர் டி.பி. ராஜலட்சுமி.

1911ஆம் ஆண்டு திருவையாற்றில் பிறந்தவர் அவர். குழந்தைப் பருவத்திலேயே திருமணம் செய்து வைத்தனர்; அது நிலைக்கவில்லை. தந்தையையும் இழந்த அச்சிறுமி, பிழைப்புக்கு வேறு வழியின்றி நாடக மேடை ஏறினார். ஆண்களே பெண் வேடம் புனைந்த காலத்தில், தம் குரலையும் திறனையும் மட்டுமே நம்பி நின்றார். 1931 அக்டோபர் 31 அன்று வெளியான ‘காளிதாஸ்’ படத்தின் கதாநாயகி அவரே. தமிழ் பேசும் படத்தின் முதற் கதாநாயகி என்ற பெருமை அதனால் அவருக்கு உரியது. பம்பாயில் எடுக்கப்பட்ட அப்படத்தில் நாயகன் தெலுங்கு பேச, நாயகி தமிழ் பேசினார் என்பது இன்று நமக்கு வியப்பளிக்கும் செய்தி.

அத்துடன் நின்றாரா? இல்லை. ‘கமலவல்லி’ என்று தாமே ஒரு நாவல் எழுதினார். அதனை 1936இல் ‘மிஸ் கமலா’ என்ற படமாக்கினார். கதையும் உரையாடலும் அவருடையவை, இயக்கமும் தயாரிப்பும் அவருடையவை, நடித்தவரும் அவரே. தென்னிந்தியத் திரையுலகின் முதற் பெண் இயக்குநர் என வரலாறு அவரைக் குறிக்கிறது. பிறர் எழுதிக் கொடுத்ததைப் பேசியவர், பேசவேண்டியதைத் தாமே எழுதும் நிலைக்கு உயர்ந்தார். தம் மகளுக்கும் கமலா என்றே பெயரிட்டார் எனில், அப்படைப்பை எத்துணை நேசித்திருக்க வேண்டும்!

‘இறுதியில் அவருக்கு என்ன மிஞ்சியது?’ என்று கேட்கலாம். நேர்மையான கேள்விதான். ஈட்டிய பொருளைப் படத்தொழிலிலே இழந்து, 1964இல் மறைந்தார். ‘காளிதாஸ்’ படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. அவர் மறைந்த அதே ஆண்டில்தான் புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தோன்றிற்று. இவ்விழப்பில் நமக்குப் பங்கில்லையா? நடிகர்க்குக் கோயில் கட்டத் துணிந்த சமூகம் ஒரு படச்சுருளைக் காக்க நினைக்கவில்லை. கலைத்தொழிலில் இடருண்டு என்பது மெய். அந்த இடரைப் பெருக்கியது நம் மறதி என்பதும் மெய்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மாதவியின் அரங்கேற்றத்தை ஒரு காதை முழுதும் விரித்துரைத்தவர் இளங்கோவடிகள். ஆடலாசானுக்கும் நன்னூற் புலவனுக்கும் இலக்கணம் வகுத்து, அரங்கின் அளவையும் பதிவு செய்தது அக்காதை. அந்நூலை மேடையில் போற்றும் நாமே வீட்டில் ‘கூத்தாடி’ என்பதை வசைச்சொல்லாக வழங்குகிறோம். முத்தமிழில் மூன்றாவது தமிழ் எது என்பதை மறந்தோமா?

பிறர் குறை கூறுவது எளிது. நம் குற்றத்தையும் ஒப்புகிறோம். பட்டப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் எம் மகள், தேசிய நாடகப் பள்ளிக்கு விண்ணப்பிக்க விரும்பினாள். யாம் அவள் கையில் தந்தது பணியாளர் தேர்வாணைய வினாத்தாள் தொகுப்பு. துவாரகையில் நீல வழித்தட மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமலே மண்டி ஹவுஸில் இறங்கலாம்; அங்கிருந்து அப்பள்ளி நடந்து செல்லும் தொலைவே. 1959 முதல் இயங்கும் அந்நிறுவனத்தின் வாயிலைக் கடந்தே இத்தனை ஆண்டுகள் அலுவலகம் சென்றுவந்தோம். ஒருநாளும் உள்ளே நுழைந்து ஒரு நாடகம் கண்டதில்லை. கோப்புகளில் பிறர் எழுதியதன்கீழ்ச் சுருக்கொப்பம் இட்டே பழகிய கை, தானாக எழுதத் துணியும் கையைக் கண்டு அஞ்சியது. அவ்வளவே காரணம்.

ஆதலின் நாம் வேண்டுவது பெரிதன்று. அடுத்த ஆண்டுவிழாவில் ஒலிப்பதிவுப் பாட்டுக்கு ஆடும் நிகழ்ச்சிகளுள் ஒன்றைக் குறைப்போம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் நம் பிள்ளைகள் தாமே எழுதி, தாமே இயக்கும் ஒரு நாடகம் அரங்கேறட்டும். தமிழில் பிழை இருக்கலாம், இந்தி கலந்திருக்கலாம். ‘காளிதாஸ்’ படத்திலும் மொழிகள் கலந்தே ஒலித்தன. அதனால் தமிழ்த்திரை அழிந்துவிடவில்லை, அங்குதான் தொடங்கிற்று.

வினாத்தாள் தொகுப்பை எம் மகளிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டோம். விண்ணப்பக் கட்டணத்தை யாமே செலுத்துவதாகவும் சொல்லிவிட்டோம். இடம் கிடைக்குமோ கிடைக்காதோ, அது அவள் திறனைப் பொறுத்தது. கதவைத் திறந்து வைப்பது மட்டுமே நம் கடமை.