தாராவிப் பிள்ளைகளின் நீட் பயிற்சிக்கு யார் பொறுப்பு?

மும்பையில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும், டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று பிள்ளை சொல்லும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்திலும் நீட் தேர்வுக்கு எப்படித் தயார் செய்வது என்ற கவலை தொடங்கிவிடுகிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வசதியுள்ள வீடுகளில் எந்தப் பயிற்சி மையம் நல்லது என்று விசாரிக்கிறார்கள். தாராவியிலும் சீத்தா கேம்ப்பிலும் அந்த விசாரணைக்கே வேலையில்லை. முதல் தவணையைக் கட்ட வழியிருக்கிறதா என்பதிலேயே எங்கள் பேச்சு முடிந்துவிடுகிறது.

இந்த நிலை நேற்று வந்ததல்ல. மகாராஷ்டிரத்தில் 2016-இலும் அரசு மருத்துவக் கல்லூரி இடங்கள் மாநில நுழைவுத் தேர்வின் வழியே நிரப்பப்பட்டன. 2017 முதல் நீட் ஒன்றே வழி. மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகள், 720 மதிப்பெண்கள், தவறான விடைக்கு மதிப்பெண் கழிவு என்ற இந்தத் தேர்வை, பாடப் புத்தகத்தை மட்டும் படித்த பிள்ளை எதிர்கொள்வது கடினம். 2025-இல் 22 லட்சத்துக்கும் அதிகமானோர் இதை எழுதினார்கள். நாடு முழுவதும் உள்ள எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டும். அவற்றில் ஏறத்தாழ பாதிதான் அரசுக் கல்லூரிகளில் உள்ளவை. தமிழ்நாட்டில் நீட்டின் விளைவுகளை ஆராய்ந்த நீதியரசர் ஏ.கே.ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கை, அங்கே மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை எழுதியவர்களின் பங்கு நான்கே ஆண்டுகளில் சுமார் 12 சதவீதத்திலிருந்து 71 சதவீதமாக உயர்ந்ததைக் காட்டியது. பள்ளி முடித்த பிறகும் ஓராண்டு வீட்டிலிருந்து பயிற்சி பெறக்கூடியவருக்கே வாய்ப்பு அதிகம் என்பதுதான் இதன் பொருள்.

எங்கள் முன் இருக்கும் வழிகளைப் பாருங்கள். பெரிய பயிற்சி நிறுவனங்களில் இரண்டாண்டு வகுப்புக்கு லட்சக்கணக்கில் கட்ட வேண்டும். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் சேர்கிறது. கல்லூரியையும் பயிற்சியையும் சேர்த்து நடத்தும் 'இன்டக்ரேட்டட்' முறையில் ஜூனியர் காலேஜ் பெயரளவுக்கே இருக்கிறது. கட்டணம் மட்டும் இரண்டுக்குமாக வாங்கப்படுகிறது. ஓராண்டு 'டிராப்' எடுப்பது என்றால், சம்பாதிக்கும் வயதை எட்டிய பிள்ளையை வீட்டில் உட்காரவைத்துச் சோறு போடக் குடும்பத்தால் முடிய வேண்டும். கடைசியாக மிஞ்சுவது என்.சி.இ.ஆர்.டி. புத்தகமும் கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் வீடியோக்களும். சந்தேகம் கேட்க ஆசிரியர் இல்லை. எழுதிய மாதிரித் தேர்வைத் திருத்தித் தர ஆள் இல்லை.

கடன் வாங்கிச் சேர்த்தவர்களின் பாடு வேறு. நகையை அடகு வைத்துத் தவணை கட்டிவிட்டு, பாடம் புரியாமல் பாதியில் நின்ற பிள்ளைகளின் பெற்றோர் பணத்தைத் திரும்பக் கேட்டு அலைகிறார்கள். பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்குரிய கட்டணத்தைப் பத்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், மதிப்பெண்ணுக்கோ இடத்துக்கோ உத்தரவாதம் தந்து விளம்பரம் செய்யக் கூடாது என்று 2024 ஜனவரியில் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியாயின. அவை தாளில் இருக்கின்றன. அவற்றைக் காட்டி எங்கே போய் முறையிடுவது என்று எங்கள் தாய்மார்களுக்குச் சொல்ல யாருமில்லை.

தனியே படித்துத் தேறலாமே என்று சொல்பவர்கள் ஒரு நாள் விடியற்காலையில் தாராவிக்கு வர வேண்டும். பத்துக்குப் பத்து அறை. அதன்மேல் பலகை அடித்துக் கட்டிய மேல்தட்டு; ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். நாலு மணிக்குக் கீழே இட்லிச் சட்டி ஏறிவிடுகிறது. ஏழு மணிக்குள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு அப்பா வியாபாரத்துக்குக் கிளம்ப வேண்டும். அந்த ஆவியும் வெக்கையும் மேலே ஏற, பிள்ளை உயிரியல் புத்தகத்தை மடியில் விரித்து உட்கார்ந்திருக்கிறது. நிமிர்ந்தால் தகரம் தலையில் இடிக்கும். தண்ணீர் வந்துவிட்டது என்று கீழேயிருந்து குரல் வந்தால் புத்தகத்தை மூடிவிட்டுக் குடத்தோடு இறங்க வேண்டும். இந்த வீடுகளில் அறிவுக்குப் பஞ்சமில்லை. உட்கார்ந்து படிக்க ஓர் இடம்தான் இல்லை.

மொழியும் தடையாக நிற்கிறது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் படித்துவிட்டு வரும் பிள்ளை, பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவில் நுழைந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருக்கிறது. நீட் தமிழிலும் நடக்கிறது என்பது உண்மை. ஆனால் தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி போன்ற பகுதிகளின் மையங்களில்தான் தரப்படுகிறது; மும்பை மையங்களில் கிடையாது. பல தலைமுறையாகத் தமிழர் வாழும் நகரத்தில், தாய்மொழியில் தேர்வெழுத விரும்பும் பிள்ளை ரயிலேறிப் போக வேண்டும் என்பது என்ன நியாயம்?

ஒடுக்கப்பட்ட, பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கு இலவசப் பயிற்சித் திட்டங்கள் இருப்பதையும் நாங்கள் அறிவோம். ஆனால் அவற்றில் சேர மாநிலத்தின் சாதிச் சான்றிதழ் தேவை. பட்டியல் சாதிச் சான்றிதழ் பெற, 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இங்கு வசித்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புக்கு வந்து, தோல் பதனிடும் கூடங்களில் கூலிக்கு உழைத்தவர்களிடம் அந்தக் காலத்துத் தாள் எப்படி இருக்கும்? இடம்பெயர்ந்தவரின் சலுகை கூடவே வராது என்ற 1990-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே, மும்பை சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்ட ஆந்திர மாணவர் ஒருவரின் வழக்கில் பிறந்ததுதான். ஊருக்குத் திரும்பினாலும் வழியில்லை. தமிழ்நாட்டில் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அளிக்கப்படும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் அங்கே படித்தவர்களுக்கே உரியது. இரண்டு மாநிலங்களுக்கும் எங்கள் பிள்ளைகள் அந்நியராகிவிட்டார்கள்.

வாக்குறுதிகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் இலவசப் பயிற்சி மையம் வரும், படிப்பகம் வரும் என்று மேடைகளில் சொல்கிறார்கள். தேர்தல் முடிந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. மனு கொடுத்தால் மாநகராட்சியிடம் போங்கள் என்கிறது ஓர் அலுவலகம். மாநில அரசிடம் போங்கள் என்கிறது மற்றொன்று. அதற்குள் அந்த ஆண்டுப் பிள்ளைகள் வேறு படிப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். சிலர் வேலைக்கே போய்விடுகிறார்கள்.

இத்தனைக்கும் இந்த நகரத்தின் நிர்வாகத்துக்கு இது எட்டாத காரியமில்லை. எங்கள் பிள்ளைகளின் பள்ளிகளை நடத்துவது அதுதான். தாராவியை ஒட்டிய சயான் மருத்துவமனையையும், 1964 முதல் அங்கே இயங்கும் மருத்துவக் கல்லூரியையும் நடத்துவதும் அதுதான். அகரம் கற்பிக்கும் பொறுப்பும் மருத்துவம் கற்பிக்கும் பொறுப்பும் ஒரே கையில் இருக்கும்போது, நடுவிலுள்ள இரண்டு ஆண்டுகளை மட்டும் சந்தையிடம் விட்டுவிடுவது ஏன்?

நாங்கள் கேட்பவை எளியவை. மாலையில் பூட்டிக் கிடக்கும் மாநகராட்சிப் பள்ளி வகுப்பறைகளில், தாராவியிலும் செம்பூரிலும் இலவச நீட் பயிற்சி தொடங்கப்பட வேண்டும். சாதிச் சான்றிதழ் கேட்காமல், குடும்ப வருமானத்தையும் பிள்ளை படித்த பள்ளியையும் மட்டும் அளவுகோலாகக் கொண்டு அங்கே சேர்க்க வேண்டும். ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் விளக்கும் ஆசிரியர்களை அமர்த்த வேண்டும். வாராவாரம் மாதிரித் தேர்வு நடத்தித் திருத்தித் தர வேண்டும். அப்யாசிகா எனப்படும் படிப்பகங்கள் இரவு முழுவதும் திறந்திருக்க வேண்டும். தாராவி மறுசீரமைப்பு வரைபடங்களிலும் அவற்றுக்கு இடம் ஒதுக்கப்பட வேண்டும். பயிற்சி நிறுவனங்களின் மீதான புகார்களை வாங்க ஒவ்வொரு வட்டாரத்திலும் ஓர் அலுவலர் வேண்டும். மும்பை மையங்களிலும் தமிழ் வினாத்தாள் தரப்பட வேண்டும்.

வகுப்புகளைத் தொடங்கப் புதிய கட்டடத்துக்கோ புதிய சட்டத்துக்கோ காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த பத்தாம் வகுப்பு முடிவு வெளியாவதற்குள் வகுப்புகளுக்கான அறிவிப்பு வர வேண்டும். எந்த வழியில் படிப்பது என்பதைப் பிள்ளையின் ஆர்வமும் உழைப்பும் தீர்மானிக்கட்டும். அப்பாவின் கையிருப்பு அதைத் தீர்மானிக்கும் நிலையை இனியும் நாங்கள் ஏற்க முடியாது. சம்பந்தப்பட்ட அதிகாரிகள் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்.