பாரோஸ் வரும் வரை காத்திருக்கணுமா?

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கையில் இருப்பது நாலைந்து வருடப் பழைய ஆண்ட்ராய்டு போன். போனுக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் ஓடுகிறது. கம்பெனிக்காரர்தான் அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்டார். இனி பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. "புதுசா வாங்கிக்கோ" என்கிறார்கள். கூடுவாஞ்சேரியிலிருந்து சீசன் டிக்கெட்டில் போய்வரும் ஆளுக்கு இதெல்லாம் ஒரு பதிலா?

"அதான் பாரோஸ் வந்தாச்சே" என்றான் ஒரு நண்பன். நம்ம சென்னை ஐஐடியின் அரவணைப்பில் வளர்ந்த ஒரு நிறுவனம் உருவாக்கி, 2023 ஜனவரியில் அறிவித்த இயங்குதளம் அது. அமைச்சர்கள் தர்மேந்திர பிரதானும் அஸ்வினி வைஷ்ணவும் சோதித்துப் பார்க்க, செய்திகளில் ஒரே அமர்க்களம். ஆண்ட்ராய்டின் திறமூல நிரல் மேல்தான் கட்டியிருக்கிறார்கள். இதைச் சொல்லி நக்கலடித்தவர்கள் நிறைய. எனக்கு அதில் குறை தெரியவில்லை, திறமூலம் என்பதே எடுத்து வளர்த்துக்கொள்ளத்தானே? வேண்டாத ஆப்களை முன்கூட்டியே திணிக்காததும் நல்ல விஷயம். ஆனால் ரகசியம் காக்க வேண்டிய நிறுவனங்களுக்குத்தான் இப்போது தருகிறோம் என்று அந்த அறிவிப்பிலேயே சொல்லிவிட்டார்கள். நம்ம பழைய போனுக்காகச் செய்தது அல்ல அது.

சரி, நமக்கு என்னதான் இருக்கிறது? லீனேஜ் ஓஎஸ். இதற்குப் பின்னால் ஒரு இந்தியக் கதையும் உண்டு. 2014 கடைசியில், சயனோஜென் என்ற கம்பெனி தன் இயங்குதளத்தை இந்தியாவில் மைக்ரோமேக்ஸுக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்தது. அதே இயங்குதளத்தோடு இங்கே வந்த ஒன்பிளஸ் ஒன் போனுக்கு டெல்லி உயர்நீதிமன்றம் வரை இழுபறி, விற்பனைக்குச் சில நாள் தடை வேறு. இவ்வளவு சண்டை போட்டும் 2016 முடிவில் சயனோஜென் தன் சேவைகளையே மூடிவிட்டது. நிரல் மட்டும் சாகவில்லை. ஆர்வலர்கள் எடுத்து லீனேஜ் என்று பெயர் வைத்து இன்றுவரை ஓட்டுகிறார்கள். கம்பெனியை நம்புவதை விட நிரலை நம்பலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

போடுவதற்கு முன் உங்கள் மாடல் அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சிப் வேறாக இருக்கலாம், மாடல் எண்ணை வைத்துத் தேடுங்கள். பூட்லோடரைத் திறந்தால் போனில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், படங்களை முதலில் லேப்டாப்பில் ஏற்றிவிடுங்கள். சில கம்பெனிகள் திறக்கவே விடமாட்டார்கள். கிராபீன் ஓஎஸ் இன்னும் பாதுகாப்பானது என்பார்கள். வாஸ்தவம்தான், ஆனால் பிக்சல் போன் வேண்டும். பிக்சல் வாங்கக் காசு இருந்தால் நான் ஏன் இதை எழுதிக்கொண்டிருக்கப் போகிறேன் :-)

உண்மையான தலைவலி இதற்கு அப்புறம்தான். சில வங்கி ஆப்களும் பணம் அனுப்பும் ஆப்களும் லீனேஜ் போட்ட போனில் திறக்க மறுக்கும். போன் கூகுள் சான்றளித்த நிலையில் இருக்கிறதா என்று அவை கேட்கின்றன. வேடிக்கையைப் பாருங்கள்: பல வருடமாக ஓட்டை அடைக்காத பழைய ஆண்ட்ராய்டு இந்தச் சோதனையில் பாஸாகிவிடலாம். இந்த மாதத்துப் பாதுகாப்புத் திருத்தம் வரை போட்ட லீனேஜ் ஃபெயில்! டீக்கடை வரைக்கும் யுபிஐ வந்துவிட்ட ஊரில் இது சின்ன விஷயமா?

ஆண்ட்ராய்டு சந்தையில் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஆண்ட்ராய்டை மாற்றியமைத்த வேறு இயங்குதளங்களோடு போன் செய்யவிடாமல் தயாரிப்பாளர்களைக் கட்டிப்போட்டதும் அந்தக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. தயாரிப்பாளர்களுக்காக இவ்வளவு பேசியாகிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய போனில் நமக்குப் பிடித்ததைப் போட்டுக்கொண்டால் வங்கி ஏன் கதவைச் சாத்த வேண்டும் என்று யாராவது கேட்டார்களா? இந்திய இயங்குதளம் வேண்டும் என்று பேசுகிற அமைச்சர்கள் முதலில் வங்கிகளிடம் இதைக் கேட்கட்டும். நான் என் வங்கிக்கு மெயில் எழுதிவிட்டேன், நீங்களும் உங்கள் வங்கிக்கு ஒன்று தட்டிவிடுங்கள்.