கதைப் புத்தகத்தைப் பிடுங்காதீர்கள்

"எங்க பையன் புத்தகத்தைத் தொடவே மாட்டேங்கிறான், எந்நேரமும் போன்தான்" என்று பள்ளி வாசலில் புலம்பும் பெற்றோரே, கொஞ்சம் கடுமையாகவே கேட்கிறேன். அவன் தொட்டபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?

சென்னைப் புத்தகக் காட்சியில் பார்க்கிறேனே. ஏழெட்டு வயதுக் குழந்தை மெல்லிய படக்கதைப் புத்தகம் ஒன்றை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறது. அப்பா அதை வாங்கிப் புரட்டுகிறார். "வெறும் படமாத்தானே இருக்கு, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்று இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறார். பிறகு பை நிறைய வாங்குவது பொது அறிவு வினா விடை, ஸ்போக்கன் இங்கிலீஷ், கையெழுத்துப் பயிற்சி ஏடு. அந்தப் பையில் குழந்தை கேட்டது ஒன்றுகூட இல்லை. ஐந்து நிமிடத்தில் முடிகிற கதையைக் குழந்தை திரும்பத் திரும்ப எடுக்கும், மனப்பாடமான பிறகும் விடாது. எழுத்து கண்ணுக்குப் பழகுவதே அப்படித்தான். அதைத் தடுத்துவிட்டு, வாசிப்புப் பழக்கம் இல்லை என்று யார்மேல் குறைப்படுகிறீர்கள்?

வீட்டிலும் இதே கதைதான். கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் "பரீட்சைக்கு இதுவா வரப்போகுது?" என்கிறோம். படித்து முடித்தால் "என்ன நீதி, சொல்லு" என்று பிடித்துக்கொள்கிறோம். நம்மில் பலர் அம்புலிமாமாவும் கோகுலமும் படித்து வளர்ந்தவர்கள். வேதாளம் விக்கிரமாதித்தனைக் கேள்வி கேட்டது. வீட்டில் யாரும் நம்மைக் கேட்கவில்லை. அதனால்தான் அடுத்த மாத இதழுக்குக் காத்திருந்தோம்.

இன்னொன்று எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிறது. "அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது" என்பதைச் சிரித்துக்கொண்டே, ஏதோ பரிசு வாங்கியதைப் போல விருந்தாளிகளிடம் சொல்கிறீர்கள். தாத்தா எழுதிய கடிதத்தை எழுத்துக்கூட்டித் தடுமாறும் குழந்தையைப் பார்த்துப் பெருமைப்பட என்ன இருக்கிறது? ஆங்கிலம் நன்றாக வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? தமிழை இழந்தால்தான் அது வரும் என்று எண்ணுவதை விடுங்கள்.

புத்தகம் விலை அதிகம் என்பீர்கள். சரி, சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரியும் அதில் சேர்ந்திருக்கும். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் போன்றவர்கள் பாடுபட்டதால் 1948-ல் இங்கே பொது நூலகச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்படி வசூலாகும் பணம் அது. நீங்கள் வரி கட்டிய நூலகம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலோ, பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் பின்னாலோ இருக்கிறது. அதன் படியைப் பிள்ளையோடு என்றைக்காவது ஏறியிருக்கிறீர்களா? கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-ல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. சென்னையிலும் மதுரையிலும் இருந்துகொண்டே அங்கே போகாதவர்கள் எத்தனை பேர்!

வரும் விடுமுறையில் மாலுக்குப் போவதற்கு முன் கிளை நூலகத்துக்குப் போங்கள். பிள்ளை பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்குங்கள், படிவத்தில் அவனே கையெழுத்துப் போடட்டும். எந்த அலமாரி என்று நீங்கள் கை காட்ட வேண்டாம். பேய்க்கதையோ, கிரிக்கெட்டோ, அவன் எடுப்பதை எடுக்கட்டும். நீங்களும் உங்களுக்கென்று ஒன்று எடுங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு சீரியலை நிறுத்திவிட்டு, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படியுங்கள். படித்தவனிடம் எதுவும் கேட்காதீர்கள். அவனாகச் சொன்னால் முழுதும் கேளுங்கள்.