குடும்பத்தின் தோளில் இறக்கப்பட்ட அரசின் பொறுப்பு

மும்பையில் சயான் மருத்துவமனை என்று மக்கள் அழைக்கும் லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனை தாராவிக்கு அருகில் இருக்கிறது. இது போன்ற எந்தப் பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் நோயாளியின் பக்கத்தில் இன்னொருவர் நிற்பதைக் காணலாம். பெரும்பாலும் அவர் தாயாகவோ மனைவியாகவோ சகோதரியாகவோ இருப்பார். அன்றைய கூலியை இழந்துதான் அவர் வந்திருப்பார். கேஸ் பேப்பரில் அவருடைய உறக்கமின்மையோ முதுகுவலியோ கடனோ பதிவாவதில்லை. மருத்துவத்தின் கண்ணில் அவர் "உடன் வந்தவர்", அவ்வளவுதான்.

மும்பைத் தமிழர்களிடையே இந்தச் சுமை வர்க்கத்துக்கு ஏற்ப வடிவம் மாறுகிறது. தாராவியில் பத்துக்குப் பத்து அறையில், மனச்சிதைவு நோய்க்கு ஆளான மகனும், வீட்டிலேயே தொழில் செய்யும் தாயும், படிக்கும் தங்கையும் ஒரே இடத்தில் வாழ வேண்டியிருக்கிறது. மாதுங்காவின் பழைய அடுக்ககங்களில் பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட, நினைவிழந்த கணவரை எழுபது வயது மனைவி கவனித்துக்கொள்கிறார். வசதியிருந்தால் நாள் கூலிக்கு ஓர் ஆயாவை அமர்த்திக்கொள்கிறார்கள். அந்த ஆயா தாராவியிலிருந்தோ செம்பூரை ஒட்டிய குடிசைப் பகுதியிலிருந்தோ வருகிறார். அவருடைய வீட்டு நோயாளியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை இல்லை.

"நமது குடும்ப அமைப்பே நமது பலம், மேலை நாடுகளைப் போல மனநோயாளிகளை நாம் கைவிடுவதில்லை" என்ற பேச்சை ஆட்சியாளர்களிடம் அடிக்கடி கேட்கிறோம். இதற்கு ஓர் ஆய்வுப் பின்னணியும் உண்டு. 1960களின் இறுதியில் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய மனச்சிதைவு ஆய்வில் ஆக்ராவும் ஒரு மையமாக இருந்தது. வளரும் நாடுகளின் நோயாளிகள் பணக்கார நாடுகளின் நோயாளிகளைவிட நன்றாகக் குணமடைகிறார்கள் என்ற முடிவு அதிலிருந்து பரவியது. குடும்பப் பிணைப்பே காரணம் என்று பலர் விளக்கினார்கள். பிற்காலத்தில் அந்த விளக்கம் ஆட்சியாளர்களுக்கு வசதியான சாக்காக மாறியது.

இந்தியாவில் குடும்பத்தையும் சமூகத்தையும் மனநல சிகிச்சையின் பங்காளிகளாக்கிய ஆய்வாளர்கள் உண்மையில் சொன்னது வேறு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் வித்யா சாகர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து, உறவினர்களை நோயாளிகளுடன் தங்கவைத்தார். நோயைப் பற்றி அவர்களுக்குப் பேசிப் புரியவைத்தார். 1957இல் தொடங்கப்பட்ட வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தினர் உடன் தங்குவதைச் சிகிச்சையின் பகுதியாக்கியது. இரண்டு இடங்களிலும் குடும்பத்தின் பின்னால் ஒரு மருத்துவமனை நின்றது. மருத்துவரும் செவிலியரும் மருந்தும் அங்கே இருந்தார்கள். குடும்பம் தனித்து விடப்படவில்லை.

சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃபில், டாக்டர் ஆர். தாராவும் சக ஆய்வாளர்களும் இன்னொரு கேள்வியை எழுப்பினார்கள். குடும்பம் கவனிக்கிறது, சரி. அதற்கு அது கொடுக்கும் விலை என்ன? பணம், உடல்நலம், திருமண உறவு, சமூக உறவு என ஒவ்வொரு துறையிலும் பராமரிப்பாளர் படும் சுமையை அளக்க ஒரு வினாத்தொகுப்பை உருவாக்கி 1998இல் வெளியிட்டார்கள். "உடன் வந்தவர்" ஆய்வுக்குரிய மனிதரானார். மனச்சிதைவு நோயால் மணவாழ்க்கை முறிந்த பெண்களைப் பற்றி இதே குழு 2003இல் வெளியிட்ட ஆய்வு, அவர்கள் நோயாலும் பெண் என்பதாலும் இரட்டிப்பாகப் பாதிக்கப்படுவதைக் காட்டியது. கணவன் வீடு திருப்பி அனுப்பிய பெண்ணை முதிய பெற்றோர் தாங்குகிறார்கள். தங்களுக்குப் பின் யார் என்பதே அவர்களின் பெருங்கவலை.

மும்பையில் பிறந்த மனநல ஆய்வாளர் விக்ரம் படேலின் பணியையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். ஜிம்பாப்வேயில் ஆய்வைத் தொடங்கிய அவர், 1996இல் கோவாவில் சங்காத் அமைப்பை நிறுவியவர்களில் ஒருவர். வறுமைக்கும் மனச்சோர்வு, பதற்ற நோய்களுக்கும் உள்ள தொடர்பை ஆர்தர் கிளைன்மனுடன் சேர்ந்து 2003இல் எழுதினார். வருமானக் குறைவுடன் நிச்சயமின்மை, நம்பிக்கையிழப்பு, வன்முறை, உடல்நோய் ஆகியனவும் மனத்தைச் சிதைக்கின்றன என்பது அதன் சாரம். அவருடைய குழு கோவாவில் நடத்திய மானஸ் ஆய்வில், மருத்துவர் அல்லாத உள்ளூர் மக்கள் பயிற்சி பெற்று ஆரம்ப சுகாதார மையங்களில் ஆலோசகர்களாகப் பணியாற்றினார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, அரசு மையங்களில் இந்தச் சேவையைப் பெற்றவர்களில் ஆறு மாதங்களில் 65.9 சதவீதத்தினர் குணமடைந்தனர். சேவை பெறாதவர்களில் அது 42.5 சதவீதமே. தனியார் மருத்துவர்களிடம் இத்தகைய தெளிவான பலன் காணப்படவில்லை. பொது சுகாதாரத்தைத் தனியாருக்குக் கைமாற்றத் துடிப்பவர்கள் இந்த வேறுபாட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை.

2008இல் அலெக்ஸ் கோஹனுடன் சேர்ந்து தாராவும் படேலும் எழுதிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. வளரும் நாடுகளில் மனச்சிதைவு நோய் எளிதில் குணமாகிறது என்ற கருத்தையே அது கேள்விக்குட்படுத்தியது. 11 நாடுகளின் 23 ஆய்வுகளைப் பரிசீலித்து, அதை மறுக்க முடியாத உண்மையாக ஏற்பதற்கில்லை என்றது. குடும்பத்தின் பங்கை நேரில் கண்ட ஆய்வாளர்களே குடும்பப் பெருமையின் பெயரால் உண்மை மறைக்கப்படக் கூடாது என்று எச்சரித்தார்கள்.

இந்த ஆய்வுகளிலிருந்து ஆளும் வர்க்கம் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. குடும்பம் கவனிக்கும், உள்ளூர்ப் பெண்கள் ஆலோசனை தருவார்கள் என்பது அதற்குப் பிடித்தது. பயிற்சி, ஊதியம், மருந்து, மேற்பார்வை ஆகிய நிபந்தனைகளை அது விட்டுவிட்டது. விளைவைக் காண்கிறோம். 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, கடுமையான மனநோய் உள்ளவர்களில் 73.6 சதவீதத்தினருக்கும், மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான மனநோய் உள்ளவர்களில் 85 சதவீதத்தினருக்கும் சிகிச்சை கிடைப்பதில்லை. சிகிச்சைக்கும் பயணத்துக்குமாகக் குடும்பங்கள் மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவிடுகின்றன. ஆனால் தேசிய மனநலத் திட்டத்துக்கான ஒதுக்கீட்டை ஒன்றிய அரசு 2018-19இல் இருந்த 50 கோடி ரூபாயிலிருந்து மறு ஆண்டு 40 கோடியாகக் குறைத்தது.

சட்டத்தில் குறையில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, அரசு மனநல சேவையைப் பெறுவதை உரிமையாக்குகிறது; நோயாளியின் குடும்பத்துக்கு ஆதரவளிக்கும் சேவைகளையும் அரசின் கடமையாக்குகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவது பற்றிப் பேசுகிறது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதை மறக்க முடியுமா? வேறு வழியற்றுப் போன குடும்பங்கள்தான் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டன. குடும்பத்தைக் கைவிட்ட அரசு, நோயாளியையும் கைவிட்ட அரசாகிறது.

இது உழைப்புச் சுரண்டலும் ஆகும். 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களை ஊதியமின்றி அதற்குச் செலவிடுகிறார். ஆண் 97 நிமிடங்கள். குடும்பத்தினரைக் கவனிக்கும் பணியில் பெண்ணுக்கு 134 நிமிடங்கள், ஆணுக்கு 76 நிமிடங்கள். உழைப்புச் சக்தியை மறுஉற்பத்தி செய்யும் செலவை மூலதனம் பெண்ணின் மீது சுமத்துகிறது. நோயுற்று உழைக்க முடியாமல் போனவரை மூலதனம் கைகழுவுகிறது. அவரையும் அதே பெண்தான் தாங்க வேண்டும். 2022இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் நான்கில் ஒருவருக்கும் மேல் தினக்கூலிகள் என்பதை இதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தாராவிக்கு இன்னோர் ஆபத்தும் வந்திருக்கிறது. அதானி குழுமம் கையில் எடுத்துள்ள மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத் தளத்தில் குடியிருந்ததை நிரூபிப்பவர்களுக்கே தாராவிக்குள் இலவச வீடு என்கிறார்கள். மற்றவர்கள் வெளியே போக வேண்டும். மனநோயாளி உள்ள குடும்பத்துக்கு இடப்பெயர்ச்சி என்பது முகவரி மாற்றம் மட்டுமன்று. தாய் வேலைக்குப் போகும்போது மகனைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரரும், கடனுக்கு மருந்து தரும் கடைக்காரரும், நடந்துபோகும் தொலைவிலுள்ள மருத்துவமனையும் இல்லாமல் போகிறார்கள். செம்பூரை அடுத்த மாஹுலில் எண்ணெய் ஆலைகளின் அருகே குடியமர்த்தப்பட்ட மக்கள் பட்ட துன்பத்தை மும்பை கண்டது. அங்கே போகும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019இல் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. சமூக மனநலம் பேசுவோர் சமூகத்தையே பிய்த்தெறியும் திட்டத்தைப் பற்றி மௌனமாக இருக்க முடியாது.

நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கூலி உயர்வுக்கும் ரேஷனுக்கும் போராடும் நம் கிளைகளில், தோழர் ஒருவர் மூன்று மாதமாகக் கூட்டத்துக்கு வரவில்லை என்றால் அவர் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று விசாரிக்கிறோமா? மனநோயைக் குடும்ப இரகசியமாக மூடி வைக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் இருக்கிறது. பெண் தோழர் கூட்டத்துக்கு வர முடியாததற்குப் பராமரிப்புச் சுமையே காரணம் என்றால், அது அமைப்பின் பிரச்சினையும் ஆகும்.

கேரளம் ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. 2008இலேயே வலிநிவாரணப் பராமரிப்புக்கென அரசுக் கொள்கை வகுத்து, உள்ளாட்சிகள் வழியாக வீடு தேடிச் செல்லும் சேவையை வளர்த்தது. படுக்கையில் கிடப்போரைக் கவனிப்பவர்களுக்கு ஆஸ்வாசகிரணம் திட்டம் மாதம் 600 ரூபாய் தருகிறது. தொகை சிறியது, உயர்த்தப்பட வேண்டியது. ஆயினும் பராமரிப்பு என்பது உழைப்பு, அதற்கு அரசு பொறுப்பு என்ற கொள்கையை அது ஏற்கிறது.

நமது கோரிக்கைகள் தெளிவானவை. ஒவ்வொரு மாநகராட்சி மருந்தகத்திலும் மனநல மருந்தும் ஆலோசகரும் இருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் குடும்ப ஆதரவு சேவைகளுக்குத் தனி நிதி ஒதுக்க வேண்டும். பராமரிப்பாளர் படியை எல்லா மாநிலங்களும் வழங்க வேண்டும். மனநலப் பணியும் சுமத்தப்படும் ஆஷா ஊழியர்களை, 2013ஆம் ஆண்டு இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தபடி தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும். தாராவி மக்கள் அனைவருக்கும் தாராவிக்குள்ளேயே வீடு வேண்டும்.

குடும்பமும் அக்கம்பக்கமும் நோயாளியைத் தேற்ற முடியும் என்று அரை நூற்றாண்டு ஆய்வு நிரூபித்திருக்கிறது. பின்னால் அரசு நின்றால்தான் அது முடியும் என்பதையும் அதே ஆய்வு நிரூபித்திருக்கிறது. வரிசையில் நிற்கும் அந்தத் தாயிடம் இரண்டாவது உண்மையைச் சொல்லி, அவரை நம் இயக்கத்துக்குள் கொண்டுவருவது நம் வேலை.