அஞ்சாம் ஃப்ரெட்டில் ‘ஸ’ எங்கே?

புதுக்கடையில் கிற்றார் பழக நேரம் பார்க்க வேணும். பகலில் நீதிமன்றப் பக்கம் வந்து போகும் வாகனங்களின் ஹோர்ன். பாங்கு சொல்லும்போது நாங்களே நிறுத்திவிடுவோம். இரவில் கொத்து போடுற சத்தம் தொடங்கிவிட்டால் எங்கட வாசிப்பு பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது, எங்களுக்கு அதுதான் வசதி. கலைப் பீடத்தில் ஒன்றாகப் படிக்கிற நாலு பேர், இரண்டு கிற்றார், ஒரு போன். குருவும் அந்தப் போனுக்குள்தான் இருக்கிறார்.

குரு தந்தது பெட்டிகள். கிற்றாரைத் தொட்ட எல்லாருக்கும் அந்தப் படம் தெரியும்: ஆறு கோடு, நடுவில் கறுப்புப் புள்ளிகள். பென்டாடோனிக் ஸ்கேலுக்கு இப்படி ஐந்து பெட்டி. ஐந்தையும் பாடமாக்கினால் கிற்றார் கழுத்து முழுக்க உங்கட கையில் என்றார்கள். பாடமாக்கினோம். கண்ணை மூடிக்கொண்டு ஏறி இறங்குவோம், வேகமாகவும்தான்.

பிறகு ஒரு நாள், வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகள் எழுதின எங்கட தோழி ஒருத்தி வந்திருந்தாள். மோகனத்தில் சும்மா ஒரு வரி பாடினாள். “இதை வாசிங்கடா” என்றாள். பெட்டிக்குள் தேடினோம், கிடைக்கவில்லை. “சரி, உங்கட பெட்டியில ஸ எங்க? அதையாவது காட்டுங்க.” அதற்கும் பதில் இல்லை. ஆறு மாதம் வாசித்திருக்கிறோம், ஆதார சுருதி எங்கே என்று ஒருத்தனுக்கும் தெரியாது. வெட்கமாகப் போய்விட்டது.

பெட்டிகள் பிழை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கிற்றாருக்கு அவை தேவை. ஹார்மோனியத்தில் நடு ‘ஸி’ ஒரே ஒரு கட்டைதான். கிற்றாரில் அதே சத்தம் இரண்டாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டில் இருக்கிறது, மூன்றாம் தந்தியின் ஐந்தில் இருக்கிறது, நாலாம் தந்தியின் பத்தில், ஐந்தாம் தந்தியின் பதினைந்தில்கூட இருக்கிறது. இவ்வளவையும் படம் இல்லாமல் பிடிக்க முடியாது. பக்கத்துப் பக்கத்துத் தந்திகளுக்கு இடையில் ஐந்து ஃப்ரெட் தூரம். மூன்றாம் தந்திக்கும் இரண்டாம் தந்திக்கும் நடுவில் மட்டும் நாலு. மேலே போகும்போது படம் ஒரு ஃப்ரெட் கோணிப்போவது அதனால்தான். இதைக்கூட எங்கட போன் குரு சொல்லித் தரவில்லை. “இப்படித்தான் வரும், பாடமாக்கு” என்பதோடு சரி.

அண்டைக்கு அவள்தான் இருந்து பிரித்துக் காட்டினாள். ஐந்தாம் ஃப்ரெட்டில் தொடங்கும் அந்த முதல் பெட்டியில் இருப்பது ஏ, ஸி, டி, ஈ, ஜி. ஸியை ஸ என்று பிடித்தால் மோகனம். அதே ஐந்து ஸ்வரம்தான், விரலும் அதே இடத்தில்தான், ஆனால் டியை ஸ ஆக்கினால் மத்தியமாவதி. ஈயில் ஹிந்தோளம். ஜியில் சுத்த சாவேரி. ஏயில் சுத்த தன்யாசி. சங்கீதக்காரர் இதைக் கிரகபேதம் என்கிறார்கள். நாங்கள் ஐந்து படமாகப் பாடமாக்கினதுக்குள் ஐந்து இராகத்தின் ஸ்வரங்கள் படுத்துக் கிடந்திருக்கின்றன. (இராகம் என்றால் வெறும் ஸ்கேல் இல்லை, கமகம் இருக்கிறது, பிடிகள் இருக்கின்றன என்று எங்களை அடிக்க வராதீங்க. அவள் ஏற்கெனவே அடித்துவிட்டாள். ஃப்ரெட் இருந்தால் கமகம் வராது என்றும் இல்லை. தந்தியை இழுத்தும் வழுக்கியும் அதைக் கொண்டுவரலாம், கிற்றார் பிரசன்னாவைக் கேட்டுப் பாருங்க.)

எங்கட கோபம் வேறு இடத்தில். எங்களில் இரண்டு பேர் பள்ளிக்கூடத்தில் கர்நாடக சங்கீதம் படித்தவர்கள். மோகனத்தின் ஆரோகணம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆனாலும் கிற்றாரைக் கையில் எடுத்த உடனே அது முழுக்க வேறு உலகம் என்று நினைத்து, தெரிந்ததை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டார்கள். சாதாரண தரத்தில் கர்நாடக சங்கீதம் ஒரு பாடம், மேலைத்தேய சங்கீதம் இன்னொரு பாடம், கீழைத்தேயம் வேறொன்று. ஒன்றை எடுத்தால் மற்றதை எடுக்க முடியாது. பரீட்சைக்கு அப்படிப் பிரிக்கலாம், காதையும் அப்படியே பிரித்து வைத்திருக்கிறோமே, அதுதான் பிரச்சினை. நித்தி கனகரத்தினம் போன்றவர்கள் தமிழில் பொப் பாடின நாடு இது. பைலா கேட்டு வளர்ந்த நகரம் இது. எங்களுக்கு மட்டும் கிற்றார் அந்நியமா?

இப்போது போனில் தம்பூரா சுருதி போட்டுவிட்டுத்தான் தொடங்குகிறோம். முதலில் ஒரே தந்தியில் மேலும் கீழும். வாசிக்கிற ஸ்வரத்தை வாயாலும் சொல்ல வேணும், சொல்ல வராவிட்டால் விரலை எடுக்க வேணும். அதற்குப் பிறகுதான் பெட்டி. வேகம் பாதியாகப் போய்விட்டது. கேட்கிறவங்களுக்கு நாங்கள் பின்னுக்குப் போன மாதிரித்தான் இருக்கும்.

மோகனம் பிடிபடுது. மத்தியமாவதியும் ஓரளவுக்கு. ஹிந்தோளத்துக்கு ஈயைப் பிடித்துக்கொண்டு தொடங்கினால், பாதி வழியில் காது தானாகவே ஸிக்கு ஓடிப்போய் மோகனத்தில் உட்கார்ந்துகொள்ளுது. இந்தக் கிழமையும் அதோடதான் மல்லுக்கட்டு.