முடக்கறுத்தானுக்குப் பரீட்சை வேண்டாமா?

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில், ஆவடிக்கு அப்பாலுள்ள திருநின்றவூரில் இருதயாலீஸ்வரர் என்று ஒரு சாமி இருக்கின்றது. பூசலார் என்பவர் கையில் காசில்லாமல் மனதிலேயே கோவில் கட்டினார் என்ற புராணத்தை வைத்து, நெஞ்சு நோய்க்காரர்கள் அங்கு சென்று வேண்டிக்கொள்கிறார்கள். மனதில் கட்டிய கோவிலுக்கும் மார்புக்குள் அடைபட்ட இரத்தக் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று நாம் கேட்டால், நமது தோழர்கள் உடனே சிரிப்பார்கள்.

ஆனால் அதே தோழர்களில் சிலர், மூட்டு வலி கண்டதும் "சித்தர் சொன்னது தப்பாகுமா?" என்று பேர் தெரியாத பொட்டலத்தை வாங்கி விழுங்குகிறார்கள். சாமி சொன்னது செல்லாது, சித்தர் சொன்னது மட்டும் விசாரணையின்றிச் செல்லும் என்றால், இது எந்த ஊர்ப் பகுத்தறிவு என்று கேட்கின்றோம்.

நாம் மூலிகைக்கு விரோதிகளல்ல. வேலியில் படரும் முடக்கத்தானையே எடுத்துக்கொள்ளுவோம். முடக்கு வாதத்தை அறுப்பதால் முடக்கறுத்தான் என்கிறார்கள். பெயர் ருஜுவாகுமா? அதன் கறுப்பு விதையில் வெள்ளையாக இருதய வடிவக் குறியொன்று உண்டு. அதனால் மேல்நாட்டுத் தாவர சாஸ்திரிகள் 'இருதய விதை' என்று பொருள்படவே அதற்குப் பெயரிட்டார்கள். பெயரும் குறியுமே குணமானால், திருநின்றவூருக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு விதை கொடுத்து அனுப்பிவிடலாமே!

இங்கிலாந்தில் எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார், குளிர்காய்ச்சல் ஈரமான இடத்தில் வருவதால் ஆண்டவன் மருந்தையும் அங்கேயே வைத்திருப்பான் என்று எண்ணி, ஈரத்தில் வளரும் வில்லோ மரப்பட்டையை எடுத்தார். எண்ணியது மூடநம்பிக்கைதான். ஆனால் அதோடு நில்லாமல் சுமார் 50 பேருக்குக் கொடுத்துப் பார்த்து, 1763-ல் எழுதி வெளியிட்டார். அந்தப் பட்டையின் சத்தை ஆராய்ந்துபோன வழியில்தான் 1897-ல் ஆஸ்பிரின் என்ற வலி மருந்து வந்தது.

அப்போதும் சோதனை நிற்கவில்லை. மாரடைப்பு கண்டவர்களில் ஒரு சாராருக்கு ஆஸ்பிரினும், மற்றவர்களுக்கு அதே போன்ற வெறும் மாத்திரையும், எவருக்கு எது என்று கொடுப்பவருக்கே தெரியாமல் கொடுத்தார்கள். 1988-ல் வெளியான கணக்குப்படி, ஐந்து வாரத்தில் இருதய, இரத்தக் குழாய் நோய்களால் இறந்தவர்கள் ஆஸ்பிரின் உண்ட 8,587 பேரில் 804. வெறும் மாத்திரை உண்ட 8,600 பேரில் 1,016. வயிற்றில் இரத்தம் கசியச் செய்யும் அதன் கெடுதலும் இப்படி ஆராய்ந்தே தெரிந்தது.

வெறும் மாத்திரை எதற்கு என்றால், வலி தானே ஏறித் தானே இறங்கும் வஸ்து. உச்சத்தில் கஷாயம் குடித்தவன் கஷாயம் கேட்டது என்பான்; அன்று வேண்டிக்கொண்டவன் சாமி கேட்டது என்பான். இரண்டுக்கும் ஆதாரம் ஒன்றுதான்.

இது வெறும் வாதமல்ல, உயிர்ச் சங்கதி. மூலிகை என்று விற்ற வலிப் பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பிடிபட்டதுண்டு. இரண்டு நாளில் வலி பறக்கும். பின்னால் சர்க்கரை ஏறும், எலும்பு பலங்குன்றும்.

ஆகவே தோழர்களே! மருந்து கொடுப்பவன் தமிழனானாலும் வெள்ளைக்காரனானாலும் நான்கு கேள்வி கேளுங்கள்: இதில் என்ன இருக்கிறது? எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தாய்? எதோடு ஒத்துப் பார்த்தாய்? கெடுதல் என்ன? "பரம்பரை ரகசியம்" என்பானேயானால் எழுந்து வந்துவிடுங்கள். ரகசியம் என்று சொல்லித்தான் வேதத்தையும் நம் காதுக்கு எட்டாமல் வைத்திருந்தார்கள். நெஞ்சு வலியானாலோ, கோவிலுக்கும் வேண்டாம், பொட்டலத்துக்கும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.